ஐஸ் பெட்டியின் பின்னால் ஒரு ஃபெரிப் பயணம்

மோட்டார் சைக்கிள் சாவி என் கைப்பையின் உள்ஜிப்புக்குள் இருந்தது. ஹாங்காங் துறைமுகத்தை நான் ஃபெரியில் பத்து முறை கடந்தேன். பத்து முறையும் அந்தச் சாவி என்னோடு கடந்தது. மோட்டார் மட்டும் எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானில், எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் படுதா போர்த்தி நின்றது.

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடமாக மீன் விற்கிறவர். விடியுமுன் கோலசிலாங்கூர் ஆற்றோரம் பாசிர் பெனம்பாங் போவார். அங்கே படகுகள் இறக்கும் மீனைச் சீன முதலாளிகளிடம் பேரம் பேசி வாங்கி, ஐஸ் பெட்டியில் அடைத்து மோட்டாரின் பின்னால் கட்டிக்கொள்வார். பிறகு ரப்பர் ஹாரனை அமுக்கியபடியே எஸ்டேட் லயங்களையும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளையும் சுற்றுவார். பன்னிரண்டு மணிக்குப் பெட்டி காலியாகிவிடும். மிஞ்சிய கெம்போங் மீன் எங்கள் குழம்புக்கு.

ஹாங்காங் போவதற்கு இரண்டு மாதம் முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்துக்குப் போகும் குழாயில் சிறு கம்பிச் சுருள் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். "மீன் பெட்டி எத்தனை கிலோ?" என்று கேட்டார். "அம்பது, அறுவது இருக்கும்" என்றார் இவர். "இன்னும் அஞ்சு மாசத்துக்கு அத மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் வாரம் ஒரு நாள், நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவருடைய சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவர் தன் சட்டையைத் தானே ஊறவைத்தது கிடையாது. எடுத்து முகர்ந்தேன். சவர்க்காரத்தையும் மீறி மீன் வாடை வந்தது.

அன்றிலிருந்து சாவி என் கைப்பையில். வீட்டில் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நான் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும். சாவி இல்லாமல் மோட்டாரைக் கிளப்ப அவருக்குத் தெரியாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எங்கள் மகள் தாரிணி ஐந்து வருடமாக ஹாங்காங்கில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. "அப்பா மூணு மாசம் இங்க இருக்கட்டும்மா. நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசாகூட வேணாம்" என்றாள். இவர் கேட்டதும் சொன்னது ஒன்றுதான்: "ஏழு நாளு. பாத்துட்டு வந்துடுவேன்." பள்ளி விடுமுறையும் ஏழு நாள்தான். அந்த ஏழு நாளுக்குள் அவர் வாயால் "இருக்கேன்" என்று வரவழைக்க வேண்டும். வராவிட்டால் எட்டாம் நாள் அவர் ஏதோ ஒரு வழியில் பாசிர் பெனம்பாங்கில் நிற்பார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவரைக் கிளப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன், அது பின்னால் வினையானது. "அது சீனர்கள் ஊருங்க. உங்களுக்குத்தான் சீனம் தண்ணி பட்ட பாடாச்சே."

*

முதல் நாள். மதியம் 2.20க்கு மகள் வீடு. ஹங் ஹோம் என்ற பகுதியில் இருபத்து மூன்றாவது மாடி. எங்கள் வீட்டு வரவேற்பறைக்குள் அவளுடைய முழு வீட்டையும் வைத்துவிடலாம். சன்னலுக்கு எதிரே இரண்டு கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு முழம் அகலத்தில் கடல். இவர் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதினோரு படகு போனது என்று சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் மகள் ஊர் சுற்ற யோசனை சொன்னாள். மாடிப் பேருந்தில் அவருக்குத் தலை சுற்றும். சுரங்க ரயிலுக்குப் படி அதிகம், அவருக்கு மூச்சு வாங்கும். டாக்சி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். மிஞ்சியது ஃபெரி. இந்த ஊர் துறைமுகத்தின் இரு கரையிலும் கட்டிய ஊர். மக்கள் வேலைக்குப் போவதும் காய்கறி வாங்கப் போவதும்கூட ஃபெரியில்தான். ஒரு தரம் கடக்க ஆகும் செலவு எங்கள் ஊரில் ஒரு ரொட்டி சானாயும் ஒரு தேத்தண்ணீரும் சாப்பிடும் காசு. ஏறினால் உட்காரலாம், காற்று வரும், கட்டடங்கள் தாமாக நம் முன்னால் வந்து நிற்கும். நோயாளிக்கும் கிராணிக்கும் ஏற்ற ஊர்வலம்.

*

இரண்டாம் நாள். காலைப் பலகாரத்துக்கு மகள் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். மக்ரோனியைச் சூப்பில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பன்றி வேண்டாம், மாடு வேண்டாம் என்று அவள் சொல்லிச் சொல்லிக் கடைசியில் சூப்பும் மக்ரோனியும் முட்டையும் மட்டுமே மிஞ்சின.

"காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிறதுலா இது" என்றார் இவர்.

"நீங்களும் பேஷண்ட்தானேப்பா. பேசாம சாப்பிடுங்க."

பால் தேநீர் நன்றாக இருந்தது. நம்முடையதைவிடக் கடுப்பு அதிகம், இனிப்பு குறைவு. ஆற்றித் தருவதில்லை.

அடுத்த தெருவில் ஒரு பாசார். மீன்கடைகளைக் கண்டதும் இவர் நடை மாறியது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவர் எனக்கு முன்னால் நடந்தார். தொட்டியில் உயிர்மீன், பலகையில் ஐஸ்மீன். குனிந்து ஒரு வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரனிடம் ஏதோ கேட்டார். பாசிர் பெனம்பாங்கில் அவர் பேசுவது ஹொக்கியன் சீனம். முப்பது வருடத்தில் அதில் பேரம் பேசவும் வையவும் சிரிக்கவும் தேறியவர். தொலைபேசியில் அவர் பேசுவதைக் கேட்டவர்கள் பேசுவது தமிழர் என்று நம்ப மாட்டார்கள்.

கடைக்காரன் அவரை வெறித்துப் பார்த்தான். இவர் மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக. அவன் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். மகள் ஓடிவந்து தனக்குத் தெரிந்த கண்டனீஸில் பேசி, மூன்று மீனைச் சுட்டிக்காட்டி வாங்கினாள்.

"இவங்க பேசறது வேற சீனம்ப்பா. கண்டனீஸ். நீங்க பேசறது இங்க யாருக்கும் புரியாது."

"சீனன் ஊருல சீனம் புரியல" என்றார் இவர். என்னைப் பார்த்து, "கிராணியம்மா நல்லா விசாரிச்சுத்தான் கூட்டியாந்திருக்கு" என்றார்.

மாலை 4.15க்கு சிம் ஷா சுயி துறையிலிருந்து எதிர்க்கரை சென்ட்ரலுக்குப் போகும் ஃபெரி. பச்சையும் வெள்ளையும் அடித்த பழைய படகு. பெஞ்சுகளின் சாய்மானத்தைத் தள்ளினால் முன்னுக்கும் பின்னுக்கும் மாறும். படகு திரும்புவதில்லை, ஆட்கள்தான் சாய்மானத்தைத் திருப்பிப்போட்டு உட்காருகிறார்கள். எல்லாரும் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் சாய்மானத்தைத் தள்ளி, விட்டுவந்த கரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

கரையை அணைந்தபோது கயிற்றை வீசினார்கள். துறையில் நின்ற ஆள் நீளமான கம்பின் கொக்கியால் அதை அந்தரத்தில் பிடித்து இழுத்து முளையில் மாட்டினார். வயது எழுபது இருக்கும். எங்கள் பக்கத்தில் உயரமான செம்பனை மரத்தில் நீளக் கம்பு அரிவாளால் குலை வெட்டுகிறவர்களின் தோள் இதே மாதிரித்தான் அசையும். அதை இவரிடம் சொன்னேன். "அவன் வேலைக்குப் போறான்" என்றார்.

*

மூன்றாம் நாள். ஹங் ஹோம் துறையிலிருந்தே சென்ட்ரலுக்கு ஒரு ஃபெரி உண்டு, அதில் போவதாகத் திட்டம். நேர அட்டவணையை முதல் நாள் இரவே டைரியில் எழுதிவைத்திருந்தேன். துறையில் இரண்டு வாசல். நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் இவரைக் காணோம்.

ஒரு கிழவர், தள்ளுவண்டியில் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு மற்ற வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அந்தச் சொட்டுகளின் பின்னால் என் வீட்டுக்காரர் போய்க்கொண்டிருந்தார்.

"என்னங்க! அது இல்ல, இந்தப் பக்கம்!"

அவர் காதில் விழவில்லை. நானும் பயண அட்டையைத் தேய்த்துவிட்டு ஓடினேன். ஏறியதும் மணி அடித்தது, ஏறும் பலகை மேலே போனது. டைரியில் எழுதியிருக்கிறேன்: 9.07, தவறான ஃபெரி.

"எங்க போவுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மீனு போற எடத்துக்குப் போவுது."

மேல்தட்டில் எங்களைத் தவிர நாலு பேர். பொழுதுபோக்குக்கு வந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு பெண் கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துத் தூங்கினாள். இடப்பக்கம் ஒரு இரும்புப் படகு சரக்குப் பெட்டிகளோடு ஊர்ந்தது. தண்ணீரின் நிறம் எங்கள் சிலாங்கூர் ஆற்றைப்போலக் கலங்கலாக இல்லை, கரும்பச்சை. பருந்துகள் மட்டும் எங்கள் ஊர்ப் பருந்துகள் மாதிரியே வட்டமடித்தன. பத்து நிமிடத்தில் நார்த் பாயிண்ட் வந்துவிட்டது.

துறையின் வாயிலிலேயே மீன்கடைகள். ரப்பர் குழாய்கள், நீலத் தொட்டிகள், நனைந்த சிமெண்டுத் தரை. இவர் முதல் கடையிலேயே நின்றுவிட்டார். பலகையில் பெரிய மீன் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குடலை எடுத்துவிட்டு, இதயத்தை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். மீன் புதிது என்று காட்ட இந்த ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். சுண்டைக்காய் அளவு சிவப்பு. துடித்துக்கொண்டிருந்தது.

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்மளுதும் இப்படித்தான் தெரிஞ்சிச்சு. டாக்டரு டிவியில காட்டுனாரே, குழாய் விடறப்ப" என்றார். அவருடைய வலது கை தானாகச் சட்டையின் இடப்பக்கம் போனது.

"வாங்க போவலாம்."

அவர் வரவில்லை. பக்கத்துப் பலகையில் கிடந்த ஐஸ்மீனின் கண்ணை விரலால் அமுக்கி, பழக்க தோஷத்தில் ஹொக்கியனில் முணுமுணுத்தார். முப்பத்தோரு வருடமாகத் தினமும் காலையில் சொல்லும் வாக்கியம், எனக்கே மனப்பாடம்: "இது நேத்து மீனு."

தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது. கடைக்காரி. அறுபத்தைந்து வயது இருக்கலாம். குட்டை முடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் வெட்டுக்கத்தி. அவள் சொன்னதைக் கேட்டு இவர் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது.

"என்னா சொல்லுது?"

"நேத்து மீனு இல்லடா, உன் கண்ணுதான் போன வருசத்துக் கண்ணுன்னுது." அவருக்குக் கண்ணில் தண்ணீர். "ஹொக்கியன்லா! நம்ம ஹொக்கியன்!"

அதற்குப்பின் நாற்பது நிமிடம் நான் அங்கே இருந்தேன் என்பதற்கு டைரிதான் சாட்சி. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் உச்சரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி என்றும், பாசிர் பெனம்பாங்கில் பேசுவதைவிட இழுத்துப் பேசுகிறாள் என்றும் இடையிடையே எனக்குச் சொன்னார். மற்றபடி நான் கேட்டது அவர் மொழிபெயர்த்தவரைதான். முதலாளி மனைவியை எங்கள் ஊரில் கூப்பிடுவதுபோல அவளைத் 'தவுக்கே சோ' என்று கூப்பிட்டார். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஆளு கறுப்பா இருக்க, கண்ண மூடிக் கேட்டா என் சித்தப்பா மாதிரி பேசறேன்னு சொல்லுது. அவரு மலாயாவுக்குப் போயி திரும்பி வரவே இல்லியாம்."

"எந்த ஊருக்குப் போனாராம்?"

"அது தெரியாதாம். நான் எங்கயாச்சும் பாத்தேனான்னு கேக்குது." அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாத்திருப்பேன்னு சொல்லிட்டேன்."

மாலையில் மகள் விளக்கினாள். நார்த் பாயிண்ட் பக்கம் பூஜியான் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர், ஹொக்கியன் அவர்களுடைய ஊர்ப்பேச்சு. ஐந்து வருடமாக அந்தக் கரைக்கு எதிரில் குடியிருக்கிற அவளுக்கு அதை எங்களிடம் சொல்லத் தோன்றியிருக்கவில்லை. அட்டவணை எழுதிய எனக்கும் விசாரிக்கத் தோன்றவில்லை. ஐஸ் தண்ணீர்தான் வழி காட்டியது.

*

நான்காம் நாள். எட்டு மணிக்கெல்லாம் இவர் குளித்துத் தலை வாரித் தயார். 8.40 ஃபெரி. துறையிலிருந்து உள்ளே நடந்தால் காய்கறி, மீன், துணி எல்லாம் விற்கும் ஒரு தெரு. அதன் நடுவில் தண்டவாளம். டிங் டிங் என்று மணியடித்துக்கொண்டு டிராம் வரும்போது கீரை வாங்குகிறவர்கள் ஒரு அடி விலகுகிறார்கள், அது போனதும் பழைய இடத்தில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் புக்கிட் ரோத்தான் சந்தையில் ஒரு லோரி பின்வாங்கினாலே ஊர் கூடிவிடும்.

மீனை அரைத்து உருட்டிய உருண்டைகளும் கோரைக்கிழங்குப் பலகாரமும் வாங்கித் தின்றோம். அங்கேயும் இவர் ஹொக்கியனில் கேட்டார். விற்றவள் பதில் சொன்னாள். அந்தத் தெருவில் அவர் நடந்த நடையை நான் கொஞ்சம் பின்தங்கிப் பார்த்தேன். ஆளுயரம் ஒரு அங்குலம் கூடியிருந்தது.

பிறகு தவுக்கே சோ கடையில் கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஒரு பெட்டி கவிழ்த்தாள். இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு ஒரே வாக்கியம் சொன்னாள்.

"என்னாங்க?"

"ஒக்காந்து பேசு, எந்திரிச்சு எதையும் தொட்ட, வெட்டிடுவேன்னுது."

எனக்கு அவளைப் பிடித்தது. பயமும் வந்தது. மோட்டாரிடமிருந்தும் ஐஸ் பெட்டியிடமிருந்தும் பிரித்து இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஆளை, நானே ஒரு மீன்கடையில் உட்கார வைத்திருக்கிறேன். இங்கேயும் பெட்டிகள் அடுக்கி இருந்தன. இங்கேயும் ஐம்பது அறுபது கிலோ இருக்கும். திரும்பும்போது ஃபெரியில் அதைச் சொன்னேன்.

"எனக்கென்னா புத்தி இல்லியா?" என்றார்.

ஊறிக் கிடந்த சட்டையை நினைத்துக்கொண்டேன்.

*

ஐந்தாம் நாள். பேத்திக்குத் தடுப்பூசி. நானும் மகளோடு போக வேண்டியிருந்தது. "நான் போய் வரேன், வழிதான் தெரியுமே" என்று இவர் தனியாகக் கிளம்பினார். தடுக்க என்னிடம் காரணம் இருந்தது, தெம்பு இல்லை. கழுத்தில் நீலத் துண்டோடு லிஃப்டில் இறங்கினார்.

கிளினிக்கில் கூட்டம். குழந்தை அழுதது, தூங்கியது, மறுபடி அழுதது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளை அனுப்பிவிட்டு நேரே துறைக்குப் போனேன். 10.45 ஃபெரி. கீழ்த்தட்டில் முன்பக்கக் கம்பியோரமாக நின்றுகொண்டேன்.

நார்த் பாயிண்ட் நெருங்கும்போது வேகம் தணிந்து படகு ஆடி ஆடி நகரும். துறையின் பக்கவாட்டில், கம்பிவேலிக்கு அந்தப் புறம், தவுக்கே சோ தன் பெட்டிகளை இறக்கி வைக்கும் இடம் தெரியும். அங்கே நீலத் துண்டு தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, மூடி கயிற்றால் கட்டியிருந்தது.

அவர் குனிந்தார்.

இரண்டு கையும் பெட்டிக்கு அடியில் போயின. கால்களை அகட்டி வைத்தார். முப்பத்தோரு வருடமாக அவர் அப்படித்தான் தூக்குவார். முதலில் இடது முழங்கால் மடியும், பிறகு தாடை இறுகும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பேருந்து நீளத்துக்குத் தண்ணீர். "என்னங்க!" என்று கத்தினேன். எஞ்சின் தின்றுவிட்டது. நான் முன்னால் போகப் பார்த்தேன், படகு ஆள் கையை நீட்டித் தடுத்து மஞ்சள் கோட்டைக் காட்டினார். அந்த ஆள் செய்தது சரிதான்.

பெட்டியின் ஒரு பக்கம் தரையிலிருந்து எழும்பியது. நாலு விரற்கடை இருக்கும்.

அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் கைகளை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்தார். இடமும் வலமும் பார்த்தார். யாராவது பார்த்தார்களா என்று பார்த்த பார்வை. கடல் பக்கம் பார்க்கவில்லை. வலது கையைச் சட்டையின் இடப்பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பணப்பை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு பெட்டியைக் காலால் ஒரு தட்டு தட்டி, கடைப்பக்கம் திரும்பி யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார். கடையாள் ஒருவன் வந்து தூக்கிப் போனான். இவர் பின்னாலேயே, எங்கே வைக்க வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டு போனார்.

பலகை இறங்கியது. எல்லாரையும் முன்னால் போகவிட்டேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். படகு ஆள் வந்து கையால் ஏதோ கேட்டார். எழுந்து இறங்கினேன்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றார் இவர், கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தபடி.

"ஃபெரி லேட்டு" என்றேன்.

ஃபெரி குறித்த நேரத்துக்கே வந்தது. டைரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. யாரும் பார்க்காதபோது செய்த ஒன்றை, நான் பார்த்தேன் என்று சொல்லிக் கெடுப்பானேன்.

அன்று மதியம் ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. அவரால் தானே பெட்டியைக் கீழே வைக்க முடியுமென்றால், இங்கே எதற்கு விட்டுப் போக வேண்டும்? கூட்டிக்கொண்டே போய்விடலாமே. நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. அது அவருக்காக வந்த யோசனையா, ஆள் இல்லாத வீட்டுக்குப் போகப் பயந்த எனக்காக வந்ததா என்று ஃபெரியில் திரும்பி வரும் பத்து நிமிடமும் யோசித்தேன். ஹங் ஹோம் வந்துவிட்டது, விடை வரவில்லை. நாலு விரற்கடை எழும்பியதும் உண்மை, இறங்கியதும் உண்மை. எங்கள் வீட்டில் பகலில் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. இங்கே மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள், வெட்டுக்கத்தியோடு ஒரு தவுக்கே சோ இருக்கிறாள்.

*

ஆறாம் நாள், ஞாயிறு. மருமகனுக்கும் விடுமுறை. எல்லாருமாகப் பச்சை வெள்ளைப் படகில் போனோம். கரை நெடுக வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பினோப் பெண்கள் அட்டைகளை விரித்து உட்கார்ந்து சோறு பகிர்ந்துகொண்டிருந்தார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு உட்கார நேரமாம். யாரோ ஒருத்தி கைப்பேசியில் தன் பிள்ளையிடம் பேசிக்கொண்டே அழுதாள், பக்கத்திலிருந்தவள் அவள் தட்டில் மீன் வைத்தாள்.

திரும்பும்போது மகள் கேட்டுவிட்டாள். "அப்பா, நாளைக்கு அம்மாகூடப் போறீங்களா, இல்லியா? சொல்லுங்க."

இவர் பேத்தியின் தொப்பியைச் சரிசெய்தார். "தவுக்கே சோ கேட்டுச்சு, நாளைக்கு வருவியான்னு. வரேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப நாளன்னைக்கு?"

"அதையுந்தான் கேட்டுச்சு."

"அடடா! பெத்த பொண்ணு ஒரு மாசமா கெஞ்சுனா காதுல விழல. மீன்காரம்மா ஒரு வாட்டி கேட்டா போதும்!"

"நீ மீனு விக்கலலா."

மருமகன் சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்காக வந்தேனோ அது கிடைத்துவிட்டது. சாய்மானத்தைத் திருப்பிப்போட வேண்டும்போல இருந்தது. குழந்தை மடியில் இருந்ததால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

*

ஏழாம் நாள். என் பெட்டி தயார். மருந்து நோட்டை அவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதமாக நான் எழுதி வந்த நோட்டு: தேதி, காலை மாத்திரை, இரவு மாத்திரை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மாத்திரைக் கட்டங்கள் இரண்டிலும் நான் போட்ட சரி அடையாளங்கள் வரிசையாக இருந்தன. குறிப்புக் கட்டத்தில் எழுத இதுவரை எதுவும் இருந்ததில்லை.

"இனிமே நீங்கதான் போடணும்."

"நானா? எழுதி எத்தன வருசமாச்சு."

"சரி போடத் தெரியும்ல?"

லிஃப்ட்வரை வந்தார். பேருந்து நிற்கும் இடத்துக்கும் வந்தார். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார், நான் பார்த்தேன், கையை இழுத்துக்கொண்டார். மருமகன் தூக்கி வைத்தான்.

"மோட்டாரு சாவிய பத்திரமா வெச்சுக்க" என்றார், என் கைப்பையைப் பார்த்து. உள்ஜிப்பு எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

*

வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. காலையில் வாசலில் ஹாரன் சத்தம் இல்லை. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, "அண்ணே எப்ப வருவாரு? இப்ப வர்ற ஆளு பழைய மீனா தள்ளிடறான்" என்று விசாரித்துப் போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிடுவார் என்று சொன்னேன். மாலையில் ஒருத்திக்குச் சமைப்பது ஒரு கணக்குக்கும் வரவில்லை. ரசம் மூன்று நாளைக்கு மிஞ்சுகிறது.

இன்று மதியம் மகள் படம் ஒன்று அனுப்பினாள். மருந்து நோட்டின் பக்கம். காலை, இரவு, எல்லாவற்றிலும் சரி போட்டிருந்தது, கோணல்மாணலாக. அதோடு, குறிப்புக் கட்டத்தில் எழுத்து. ஆறாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து. கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரியில் இறங்கியிருந்தது.

செவ்வாய்: 8.40 ஃபெரி. பெட்டி தூக்கவில்லை.

புதன்: மழை. போகவில்லை. பாப்பா இரண்டு தரம் சிரித்தது.

வியாழன்: 8.40. பெட்டி தூக்கவில்லை.

வெள்ளி: 9.07. பாதி தூக்கினேன். வைத்துவிட்டேன்.

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். அதை அவர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில், அது எப்போதும் தொங்கும் ஆணியில் மாட்டினேன். மாலை மணி 5.10.